அவசரப்படக் கூடாத இடம்

சுவிஸ் கடைகளில் உருளைக்கிழங்குப் பையின் நிறத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். பச்சை நிறம் போட்ட பையில் இருப்பது அவித்தாலும் உடையாத இறுக்கமான கிழங்கு. நீலம் என்றால் மாப்பிடிப்பானது, அவிந்ததும் உதிரும். நீலத்தை வாங்கிப் பிரட்டல் கறி வைத்தால் சட்டியில் களிதான் மிஞ்சும். பச்சையை வாங்கி ரோல்ஸுக்குக் கறி வைத்தால் மசியாமல் துண்டு துண்டாக நின்று, சுருட்டும்போது மெல்லிய ரொட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சமையற் குறிப்பில் ‘உருளைக்கிழங்கு அரைக் கிலோ’ என்று மட்டும் இருக்கும். சமைத்தவர் தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வார்.

பேர்ணில் ஒரு குடியிருப்புப் பகுதியின் பொது மண்டபச் சமையலறையில், வேலை முடிந்து வருபவர்களுக்கு மாலை நேரத்தில் வீட்டுச் சமையல் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் நெடுங்காலம் உணவகங்களில் அடுப்படியில் நின்றவள். என்னிடம் வருபவர்களில் எங்கள் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற சுவிஸ்காரர்கள், எரித்திரியப் பெண்கள், போர்த்துக்கேயர் இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: அரை மணித்தியாலத்தில், ஒரு சட்டியில், இலகுவான சாப்பாடு. நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு ரயில் பிடித்து வீடு வருபவர்கள் வேறெதைக் கேட்பார்கள்? அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் எந்தச் சமையலிலும் அவசரப்படக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அதைக் காட்டிவிட்டால் மீதியில் எவ்வளவு சுருக்கினாலும் சாப்பாடு கெடாது. அதை மறைத்துவிட்டு, பொருட்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும் குறிப்பை நான் இலகுவான குறிப்பென்று ஒத்துக்கொள்வதில்லை.

ரோஷ்டியைப் பாருங்கள். பேர்ண் பக்கத்து விவசாயிகளின் காலைச் சாப்பாடாக இருந்து நாடு முழுக்கப் பரவியது. கிழங்கு, வெண்ணெய், உப்பு, அவ்வளவுதான் பொருட்கள். ஆனால் கிழங்கை முதல் நாளே தோலோடு அவித்து, இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். சுடச்சுடத் துருவினால் பசையாகும். ஆறும்போதுதான் உள்ளே இருக்கும் மாச்சத்து இறுகும், வெளி ஈரமும் வற்றும். மறுநாள் தோலுரித்துத் துருவினால் நூல் நூலாக விழும். அதைச் சூடான வெண்ணெயில் பரப்பி, லேசாக அழுத்தி, நடுத்தரச் சூட்டில் கால் மணித்தியாலம் கை வைக்காமல் விட வேண்டும். ஓரத்தில் பொன்னிறம் தெரியும்போது சட்டியைக் குலுக்கினால் அடை முழுதாக நகரும். அப்போது ஒரு தட்டைக் கவிழ்த்துத் திருப்பிவிடலாம். பச்சைக் கிழங்கைத் துருவிச் செய்பவர்களும் உண்டு. அதன் ருசியும் பதமும் வேறு. நான் கொடுக்கும் தாளில் முதல் வரியே ‘முதல் நாள் இரவு’ என்றுதான் தொடங்கும். எங்கள் வீடுகளில் இது புதிதல்ல. இடியப்பக் கொத்துக்கு முதல் நாள் மிஞ்சிய இடியப்பம்தான் நல்லது. அவித்து இறக்கிய கையோடு கொத்தினால் கட்டிபட்டுப் போகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதைச் சொன்னதும் சுவிஸ்காரர் இடியப்பக் கொத்தை விளங்கிக்கொள்கிறார், எங்கள் பிள்ளை ரோஷ்டியை விளங்கிக்கொள்கிறது.

அடுத்தது அடுப்பு. இங்கே வாடகை வீடுகளில் பெரும்பாலும் மின்சார அடுப்புத்தான். கண்ணாடித் தட்டு, 1 முதல் 9 வரை எண். ஊரில் தாளிக்கும்போது கடுகு வெடித்ததும் நெருப்பைக் குறைப்போம், சூடும் அந்தக் கணமே குறையும். இந்தத் தட்டு அப்படியல்ல. 9-இலிருந்து 2-க்குத் திருப்பினாலும் தட்டில் நின்ற சூடு எண்ணெயை இன்னும் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கும். கடுகு வெடித்து முடிவதற்குள் செத்தல் மிளகாய் கறுத்து, வீடே இருமத் தொடங்கும். ஆகவே நான் எண்ணைப் பற்றிப் பேசுவதில்லை, சட்டியைத் தூக்கச் சொல்கிறேன். தாச்சியை 7-இல் வை. எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடு. முதல் நாலைந்து கடுகு வெடித்தவுடன் தாச்சியைத் தட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடு. அதன் பிறகுதான் நற்சீரகம், பிறகு மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. எண்ணெயில் இருக்கும் சூடே எல்லாவற்றுக்கும் போதும். இன்டக்ஷன் என்ற காந்தச் சூட்டு அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அது நெருப்பைப் போலவே உடனே கீழ்ப்படியும்.

பருப்புக் கறிதான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது. மைசூர்ப் பருப்பு 200 கிராம், தண்ணீர் 5 தெசிலீட்டர், ஒரு வெங்காயம், இரண்டு பல் உள்ளி, பச்சை மிளகாய், மஞ்சள். கால் மணித்தியாலத்தில் அவிந்துவிடும். அதன் பிறகு உப்பு, தேங்காய்ப்பால் ஒன்றரைத் தெசிலீட்டர், தாளிதம். இதைவிடக் குறைந்த உழைப்பில் இவ்வளவு நிறைவான சாப்பாடு உலகத்தில் வேறெங்கும் இருக்கிறதா தெரியாது. முழுக் கடலைக்கு வரும்போதுதான் இந்த நாடு தன் குணத்தைக் காட்டும். சமவெளிப் பகுதியில் பல இடங்களில் பைப் தண்ணீர் சுண்ணாம்பு கூடிய கடினத் தண்ணீர். அந்தச் சுண்ணாம்புச் சத்து கடலையின் கலங்களை இறுக்கிப் பிடித்து மெதுமையாக விடாது. ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் இளகும். புளியையும் தக்காளியையும் கடலை அவிந்த பிறகே சேர்க்க வேண்டும், புளிப்பும் அவிவதைத் தள்ளிப்போடும். மலைக்கு மேலே போனால் இன்னொன்று: ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒரு பாகை குறைகிறது. டாவோஸ் 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அங்கு ஹோட்டலில் வேலைக்குப் போன எங்கள் பையன் ஒருவன், கடலை மூன்று மணித்தியாலமாகியும் கல்லாகக் கிடக்கிறது என்று போன் எடுத்தான். பிரஷர் குக்கர் வாங்கு தம்பி என்று மட்டும் சொன்னேன்.

வெங்காயத்தைப் பற்றி நான் எரித்திரியப் பெண்களிடம் கற்றது அதிகம். அவர்கள் குழம்புக்கு வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் வெறும் சட்டியில் போடுகிறார்கள். அடிக்கடி கிளறி, பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, அரை மணித்தியாலம் வரை விடுகிறார்கள். வெங்காயம் தன் தண்ணீரிலேயே வெந்து, கரைந்து, இனித்துக் கிடக்கும்போது எண்ணெய், பிறகு பெர்பெரே என்ற அவர்களுடைய மிளகாய்ச் சரக்குத்தூள், தக்காளி, பருப்பு. குழம்பு கெட்டியாக வருவதற்கு வேறு எதுவும் தேவையில்லை, வெங்காயமே பார்த்துக்கொள்கிறது. நாங்கள் எண்ணெயில் வதக்கிச் சிவக்க வைப்போம். இரண்டும் நேரம் கேட்கும் வேலைதான். அச்சடித்த குறிப்புகள் அந்த நேரத்தைச் சொல்லுவதேயில்லை.

“அன்ரி, இதில அஞ்சு நிமிசம் வதக்கவும் எண்டு போட்டிருக்கு. பத்து நிமிசமாச்சு, இன்னும் வெள்ளையாத்தான் கிடக்கு.”

“நிமிசத்தை விடு பிள்ளை. ஓரத்தைப் பார். ஓரம் சிவக்கேக்க அடுத்த வேலையைத் தொடங்கு.”

குறிப்பைச் சுருக்கும் வேலையில் இந்த நாட்டுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. 1880-களில் தொழிற்சாலைக்குப் போன பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை, பிள்ளைகள் சத்தில்லாமல் வாடுகிறார்கள் என்ற கவலை எழுந்தபோதுதான் ஜூலியஸ் மாகி கெம்ப்டாலில் இருந்த தன் ஆலையில் பருப்பு மாவால் விரைவுச் சூப் செய்தார். எங்கள் ஊர்க் கடைகளில் தொங்கும் மாகியின் மூலம் அது. 1956-இல் வந்தவர் பெட்டி போஸி. அப்படி ஒரு பெண் இருந்ததேயில்லை. சமையல் கொழுப்பும் எண்ணெயும் விற்ற ஒரு நிறுவனத்துக்காக எம்மி கிரேயோலா-மாக் என்ற விளம்பர எழுத்தாளர் உருவாக்கிய பெயர். ஆனால் அந்தப் பெயரில் வெளிவந்த குறிப்புகளைப் பார்த்துத்தான் பல சுவிஸ் குடும்பங்கள் சமைத்து வளர்ந்தன. காரணம் எனக்கு விளங்குகிறது: அவை சமைத்துப் பார்த்து எழுதப்பட்டவை.

நான் கூடுதலாக மதிப்பது டிப்டொப்ஃப் என்ற பாடப்புத்தகத்தை. 1986-இல் வெளிவந்து 20 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஜெர்மன் பேசும் பகுதிகளில் பள்ளிச் சமையல் வகுப்பில் பிள்ளைகள் கையில் இருக்கும். என் மகள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எங்கள் அடுப்படியில் பேச்சு மாறிவிட்டது. “எவ்வளவு அம்மா?” என்று கேட்பாள். “அளவாய்ப் போடு” என்பேன். “அளவாய் எண்டா எத்தனை தெசிலீட்டர்?” நான் ஒவ்வொரு கறியையும் நிறுத்தும் அளந்தும் எழுதத் தொடங்கியது அவளுக்காகத்தான். அளந்தபோது ஒன்று தெரிந்தது. உப்பையும் தூளையும் தேங்காய்ப்பாலையும் எண்ணில் எழுதிவிடலாம். யாரும் எழுதலாம், யாரும் பின்பற்றலாம். வெங்காயம் சிவந்தது, தூளின் பச்சை வாசம் போனது, எண்ணெய் மேலே மிதந்தது, இவற்றை எண்ணில் எழுத முடியாது. பக்கத்தில் நின்றுதான் காட்ட வேண்டும். எங்கள் அம்மாமார் எதையும் அளக்காமல் சமைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வது எனக்கு முழு நியாயமாகப் படவில்லை. அளக்கக்கூடியதை அளந்து கொடுத்தால் பிள்ளையின் கவனம் முழுதும் அளக்க முடியாததில் நிற்கும்.

சுவிஸ்காரருக்குக் கறி என்றால் ரீ காசிமிர். மூவன்பிக் உணவகங்களைத் தொடங்கிய உவெலி பிராகர் 1952-இல் அறிமுகப்படுத்தியது. மெல்லியதாக அரிந்த கன்றிறைச்சி, கறித்தூள் போட்ட கிரீம் குழம்பு, சோறு, மேலே வாழைப்பழம், அன்னாசி, செர்ரி. எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நான் அதை வகுப்பில் விரும்பிச் செய்கிறேன், கோழியில். பழத்தில் என்ன பிழை? அன்னாசிப் பழத்தில் நாங்களும்தான் கறி வைக்கிறோம். திருத்த வேண்டியது ஒன்றுதான்: தூளைக் கிரீமுக்குள் போடக் கூடாது. சரக்கின் வாசம் பெரும்பாலும் கொழுப்பில்தான் கரையும், அதுவும் சூடான கொழுப்பில். வெண்ணெயில் வெங்காயம் சிவந்ததும் அடுப்பைக் குறைத்து, யாழ்ப்பாணத் தூள் ஒரு மேசைக்கரண்டி போட்டு அரை நிமிடம் பிரட்ட வேண்டும். பச்சை வாசம் போய் மல்லி மணக்கும். அந்த நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் விட்டு, பிறகு கிரீம். அந்த அரை நிமிடம் பிரட்டாமலும் பிரட்டியும் செய்த இரண்டு குழம்பையும் பக்கத்தில் வைத்து ருசி பார்க்கக் கொடுப்பேன். வீட்டில் முப்பது வருடமாக அதைச் சமைத்த ஒரு சுவிஸ் அம்மா, இரண்டாவது கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கரண்டியை வைக்காமலே தன் தாளில் அந்த வரியை எழுதிக்கொண்டார்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த எங்கள் ஆண்கள் பலர் தனியாக வந்த இளைஞர்கள். ஊரில் அடுப்படிப் பக்கம் போகாதவர்கள். உணவகங்களில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தவர்கள் அவர்களில் ஏராளம். இன்று சுவிஸில் 50 ஆயிரம் அளவில் தமிழர் இருக்கிறோம். பல உணவகங்களில் ரோஷ்டி திருப்பிய கை எங்களுடையது. அந்தத் தலைமுறையின் சமையல் அறிவை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் பெரிய ஆதங்கம். மக்ரோனியும் கிழங்கும் ஒரே சட்டியில் அவித்து, சீஸும் கிரீமும் கலந்து, மேலே பொரித்த வெங்காயமும் பக்கத்தில் ஆப்பிள் கூழும் வைத்துச் சாப்பிடும் எல்ப்ளர்மக்ரோனனை எனக்குப் பழக்கியவர் அவர்களில் ஒருவரான புங்குடுதீவு அண்ணை. வடிக்காமல் அவி, தண்ணீரை அளந்து விடு, அந்த மாத்தண்ணீர்தான் சீஸைப் பிடித்து வைக்கும் என்றார். சமையல் பள்ளியில் படித்ததல்ல, கண்டு பிடித்தது.

சீஸ் என்றதும், உருக்கிய சீஸில் பாண் துண்டைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபொண்டூவைச் சொல்லாமல் முடியாது. 1914-இலிருந்து 1999 வரை இருந்த சீஸ் சங்கம்தான் விளம்பரம் செய்து செய்து அதைத் தேசிய உணவாக்கியது. பாதி குருயேர், பாதி ஃபிரிபூர்க் வஷெராங், ஆளுக்கு 200 கிராம். ஆளுக்கு ஒரு தெசிலீட்டர் வெள்ளை வைன், உள்ளி, சோளமா. அதையும் எங்கள் சொதியையும் ஒரே மாலையில் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டும் கொதிக்கவே கூடாது. கொதித்தால் சீஸ் கொழுப்பைக் கக்கிவிட்டுக் கட்டியாகும், தேங்காய்ப்பால் திரைந்து போகும். மெல்லிய சூட்டில், கரண்டி ஓயாமல், ஓரத்தில் சின்னக் குமிழ் வரும்வரை மட்டும். ஆனால் புளிப்பில் இரண்டும் நேரெதிர். வைனின் புளிப்பு சீஸிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அது வழவழப்பாக உருகுகிறது. ஆகவே அது முதலிலேயே வேண்டும். சொதிக்குத் தேசிக்காய்ப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விட வேண்டும். வைன் சேர்க்காத வீடுகளில் வைனுக்குப் பதில் அதே அளவு ஆப்பிள் சாறும் ஆளுக்கு ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப்புளியும் விடலாம், சோளமாவைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பாண் துண்டுகளை முதல் நாளே வாங்கி வையுங்கள். புதுப் பாண் குச்சியில் நிற்காது.