திரும்பி வருவது

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால் வடகிழக்கே, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், ஸ்ரீஹரிகோட்டா. சிறுவயது முதலே எங்களுக்கு அது ராக்கெட் திசை. இரவில் ஏவப்படுபவை மேகமில்லாத நாட்களில் செம்பொட்டாக மேலேறும். கொஞ்ச நேரத்தில் மறையும். பார்த்துவிட்டு வீடு திரும்புவோம்.

2016 மே 23 அன்று காலை ஏழு மணிக்கு ஏவப்பட்டது வேறு வகை. ஆறரை மீட்டர் நீளம், 1.75 டன் எடை, இரு சிறகுகள், உள்ளே ஆளில்லை. மேலே சென்று விமானம்போல் இறங்கி வரவேண்டியதற்கு அது முதல் சோதனை. அமெரிக்க விமானப்படை 2010இலேயே இப்படி ஒன்றை அனுப்பியிருந்தது. எக்ஸ்-37பி என்ற அந்த ஆளில்லா விண்விமானம் பின்னாளில் ஒருமுறை 908 நாட்கள் வானிலேயே சுற்றிவிட்டு 2022 நவம்பரில் தரையிறங்கியது. அது அங்கே செய்பவற்றுள் பெரும்பகுதி இரகசியம். நம்முடையதன் நோக்கம் ஏவும் செலவைக் குறைப்பது என்றது இஸ்ரோ.

எங்களோடு பெரியப்பாவும் கரைக்கு வந்தார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்றவர். கண்களில் புரை விழுந்திருந்தது. அவருடைய மகன், எங்கள் அண்ணன், சவூதிக்குப் போய் ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பணம் மாதாமாதம் வந்தது.

"பசங்களா, போறதெல்லாந்தான் போவுது. இது திரும்பி வருதாமே, அதான் பெருசு" என்றார்.

ஏழு மணிக்குச் சூரியன் கண்ணைக் கூசவைத்தது. அடிவானத்தில் புழுதி. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பாதான் "அதோ!" என்று கைநீட்டினார், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வெகுவாகத் தெற்கே. "ஆமாம் பெரியப்பா" என்றோம், மூவரும் ஒரே குரலில்.

65 கிலோமீட்டர் உயரம் தொட்டு, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்து, புறப்பட்ட 770 விநாடிகளில், கரையிலிருந்து 450 கிலோமீட்டர் தொலைவில், வங்கக்கடலில் அது இறங்கியது. கடலில் விழுவதென்பது முன்பே வகுத்த திட்டம்தான். மீட்டெடுக்கும் எண்ணமும் இல்லை. அன்று மாலை திண்ணையில் பெரியப்பா கேட்டார்:

"வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சு பெரியப்பா."

அதை ஏன் சொன்னோம் என்று எங்களுக்குள் பலமுறை பேசியிருக்கிறோம். இரக்கம் என்றான் ஒருவன். விளக்கச் சோம்பல் என்றான் மற்றவன். அந்தக் கேள்வி ராக்கெட்டைப் பற்றியதல்ல என்று பயந்துவிட்டோம் என்பதே இப்போது சரியெனப் படுகிறது. அவர் தலையசைத்துவிட்டு, தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

2019இல் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அண்ணன் மூன்றாம் நாள் வந்தான். கொள்ளி வைத்தது எங்களில் மூத்தவன்.

2023 ஏப்ரல் 2 அன்று, கர்நாடகத்தின் சித்ரதுர்கா அருகே, விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் அந்தச் சிறகுக்கலத்தின் மறுவடிவை நாலரை கிலோமீட்டர் உயரத்திலிருந்து விடுவித்தது. யாருடைய கையும் படாமல் அது வழி கண்டு ஓடுபாதையில் இறங்கியது. கைப்பேசியில் அந்தக் காட்சியை நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். சக்கரம் தரை தொட்டது, பின்னால் பாராசூட் விரிந்தது, ஓடி நின்றது.

அண்ணனும் அருகில் இருந்தான். மறுமுறை சவூதிக்குப் போகாமல் ஊரோடு தங்கிவிட்டவன்.

"அப்பா பார்த்தது இதானா?" என்று கேட்டான்.

இம்முறையும் "ஆமாம்" என்றோம்.