எந்த அட்டையிலயும் இல்லாத தோசை

"சித்தி, சாப்ட்டியா?"
இன்னிக்கு ஃபோன்ல அக்கா பையன் கேட்டான்.

ஒன்பது வயசு. ஆட்டிசம்.
தண்ணி வேணும்னா கேப்பான். படத்தைக் காட்டினா பேர் சொல்வான்.
அவனா பேச்சை ஆரம்பிச்சது இதான் முதல் தடவை.

1957-லயே உளவியலாளர் ஸ்கின்னர் பேச்சைப் பிரிச்சு எழுதிட்டாரு. வேணும்னு கேக்குற பேச்சு வேற, பேர் சொல்றது வேற, அடுத்தவங்க பேச்சுக்குப் பதில் பேசறது வேற. ஒண்ணு வந்தா மத்தது தானா வந்துடும்னு சொல்ல முடியாது.

1993-ல அமெரிக்காவுல கிராண்ட்ஸ், மெக்லானஹன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆட்டிசம் இருக்குற நாலு பிள்ளைகளுக்குப் பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தாங்க. அப்புறம் கடைசியிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா எழுத்தை எடுத்துட்டே வந்தாங்க. அதுக்கப்புறமும் பிள்ளைங்க கூடப் படிக்கிறவங்ககிட்ட தாங்களா பேசினாங்க. எழுதிக் கொடுக்காததையும் பேசினாங்க!

அக்கா செஞ்சதும் அதேதான்.
அட்டையில "சித்தி, சாப்ட்டியா?"
முதல்ல "சாப்ட்டியா" போச்சு. அப்புறம் "சித்தி".
மாசக்கணக்கா, தினமும், பொறுமையா.

"சாப்ட்டேன்டா கண்ணு. நீ?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"தோசை. கருகிடுச்சு."

இது எந்த அட்டையிலயும் இல்ல.
அந்தப் பக்கம் அக்கா அழறது கேட்டுச்சு.

உங்க வீட்டுப் பிள்ளை தானா ஆரம்பிச்ச முதல் பேச்சு எது, ஞாபகம் இருக்கா?