சொற்கள் காத்த எண்

பணி மாறுதல் பெற்றுத் திருவனந்தபுரத்திற்கு வந்த முதல் ஆண்டு அது. என் தமிழ் வகுப்பில் சாலைக் கடைத்தெருவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் தமிழில் மலையாளச் சொற்கள் கலந்து வரும். சிலர் அதைக் கேட்டுச் சிரித்தனர்; அவள் வகுப்பில் பேசுவதையே விட்டுவிட்டாள். அடக்கமான பெண் என்று நானும் வாளாவிருந்தேன்.

ஒருநாள், பதினான்காம் நூற்றாண்டில் கேரளத்தில் பிறந்த கணித அறிஞர் மாதவரைப் பற்றிக் கூறினேன். விட்டம் தொண்ணூறாயிரம் கோடி அலகு எனில், வட்டத்தின் சுற்றளவு 2827433388233 அலகு என அவர் கணித்தார். சுற்றளவை விட்டத்தால் வகுத்துப் பதினோரு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் 3.14159265359 கிடைக்கும். 'பை' என்னும் மதிப்பு அத்தனை இடங்களுக்கும் அதுவே.

அந்தப் பேரெண் 2, 3, 5 ஆகிய எதனாலும் மீதியின்றி வகுபடாது. விட்டத்தின் பகாக் காரணிகளோ இம்மூன்று மட்டுமே. ஆதலால் அந்தப் பின்னத்தை மேலும் சுருக்க இயலாது.

அவ்வெண் இலக்கங்களாக அன்றிச் செய்யுளில் அமைந்த சொற்களாகவே நமக்குக் கிடைத்தது. நீலகண்ட சோமயாஜி தம் ஆரியபடீய உரையில் அதனை எடுத்துரைத்தார். அவ்வுரையின் முதற்பகுதி 1930ஆம் ஆண்டு இந்நகரிலேயே அச்சேறியது. அச்சொற்களின் பொருளைத் தமிழில் எழுதிப் போட்டேன்: விண்ணவர் 33, கண் 2, யானை 8, பாம்பு 8, தீ 3, மூன்று 3, குணம் 3, மறை 4, விண்மீன் 27, யானை 8, கை 2. இவற்றை வலமிருந்து இடமாக வரிசைப்படுத்தினால் எண் வந்துவிடும்.

மறுநாள் அவ்வெண்ணை நினைவிலிருந்து கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு அமைதியாகப் பார்த்து எழுதிக்கொண்டது. கடைசி வரிசையில் அவள் எழுந்தாள்.

"ஐயா, தீ, மூன்று, குணம் என மூன்று மூன்றுகள் அடுத்தடுத்து வர வேண்டுமே? இரண்டுதான் உள்ளன."

திரும்பிப் பார்த்தேன். ஓர் இலக்கம் விடுபட்டிருந்தது. என் கணக்குப்படி வட்டத்தின் சுற்றளவு அதன் விட்டத்தைவிடக் குறைந்துபோயிருந்தது! இலக்கங்களை நம்பிய நான் தவறினேன். சொற்களைப் பற்றிக்கொண்ட அவள் தவறவில்லை.

"இவை உனக்கு எப்படி மனத்தில் நின்றன?" என்று வினவினேன்.

"முத்தீ, முக்குணம், நான்மறை, இருபத்தேழு நட்சத்திரம் எல்லாம் எங்கள் பாட்டி சொல்லுவார்கள், ஐயா" என்றாள். அவள் பேச்சில் மலையாள ஓசை இருந்தது. அன்று எவரும் சிரிக்கவில்லை.

கரும்பலகையைத் திருத்தும்படி அவளிடமே சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். அவள் தமிழில் பிழை தேடிய நாங்கள், அதனுள் இருந்த செல்வத்தைத் தேடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாணவர்களே, ஊர் மாறினாலும் உங்கள் வீட்டு முதியோரிடம் இத்தகைய தொகைச் சொற்கள் பல இருக்கும். ஐந்தைக் கேட்டு எழுதி வாருங்கள். அவற்றைக் கொண்டு ஓர் எண்ணை அமைத்து, வகுப்பில் உரக்கச் சொல்லுங்கள்.