நீருக்கு வாட்டம் பார்த்தவர்கள்

தென் பிரான்சில் நீம் நகருக்கு வருகிறவர்கள் ஒரு பஸ் பிடித்து போன் தூ கார் பாலத்தடியில் இறங்குவார்கள். படம் எடுத்துக்கொண்டு, ஆற்றில் காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எனக்கும் அது போதுமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கூட வந்தவர் சித்தப்பா. தஞ்சாவூர்ப் பக்கம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் பாதியை வாய்க்கால் கரையில் கழித்தவர். "பாலத்த அப்புறம் பாக்கலாம்டா. தண்ணி எங்கேருந்து வருது, எங்க போவுது, அதச் சொல்லு முதல்ல" என்றார். அதனால் உஸெஸில் இருந்து ஆரம்பித்தோம்.

உஸெஸ் குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறிய ஊர். அதன் அடிவாரத்தில், மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது எர் ஊற்று. ரோமானியர்கள் நீம் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது இங்கிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மூட்டையோடு வந்திருந்த குடும்பங்களைத் தாண்டிப் போனால், வாய்க்காலின் தொடக்கத்தில் கட்டியிருந்த தொட்டி ஒன்றின் மிச்சம் தெரிகிறது. உள்ளே விடும் நீரின் அளவைக் கட்டுப்படுத்த வைத்த அமைப்பு. சித்தப்பா அதைச் சுற்றி வந்து, பலகை இறக்கிய இடத்தைத் தேடினார். "மதகுதான். வேற என்ன?" என்று முடித்துவிட்டார்.

உஸெஸில் இருந்து நீமுக்கு நேர்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். ஆனால் வாய்க்காலின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நடுவில் புதர் மண்டிய சுண்ணாம்புக்கல் குன்றுகள் குறுக்கே நிற்பதால், அவற்றை வளைத்துக்கொண்டு போகவேண்டிய கட்டாயம். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஊற்றின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 76 மீட்டர். நீமில் தண்ணீர் போய் விழும் தொட்டி அதைவிட 17 மீட்டர்தான் தாழ்வு. 50 கிலோமீட்டருக்கு 17 மீட்டர் என்றால், சராசரியாக 3,000 அடி நடந்தால் ஓரடி இறக்கம். பம்பு கிடையாது. வழியில் எங்காவது ஒரு முழம் மேடு தட்டினால் தண்ணீர் நின்றுவிடும்; ஓரிடத்தில் அதிகம் இறக்கிவிட்டால் கடைசியில் தொட்டிக்கு ஏறாது.

நான் இதைச் சொன்னபோது சித்தப்பா பெரிதாக அசரவில்லை. டெல்டா வாய்க்கால்களுக்கும் இதே மாதிரி மெல்லிய வாட்டம்தான், அதில் புதுசு ஒன்றுமில்லை என்றார். பிறகு நிமிர்ந்து குன்றுகளைப் பார்த்தார். "ஆனா நமக்கு அங்க தரை சமதளம். இந்த மேடு பள்ளத்துல எப்படிடா மட்டம் புடிச்சான்?"

அந்தக் கேள்விக்கு விட்ரூவியஸ் ஓரளவு பதில் வைத்திருக்கிறார். அகஸ்டஸ் காலத்தில் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பாகங்களாக எழுதியவர். மட்டம் பார்க்க அவர் பரிந்துரைக்கும் கருவியின் பெயர் கோரோபாடிஸ். இருபது அடி நீளப் பலகை, இரு முனைகளிலும் கால்கள், பக்கவாட்டில் தொங்கும் தூக்குக்குண்டுகள். காற்றடித்துக் குண்டு ஆடினால் பலகையின் மேல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கலாம். இன்றைய கொத்தனாரிடம் டியூப் மட்டமும் தூக்குக்குண்டும் இருக்கின்றன, தத்துவம் மாறவில்லை. அந்தப் பலகையைக் காடுமேடெல்லாம் தூக்கிப்போய், அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொரு தடவையும் வரும் சிறு பிழை சேர்ந்து பெரும் பிழையாகிவிடாமல் பார்த்து 50 கிலோமீட்டர் அளந்திருக்கிறார்கள் என்பதுதான் என்னால் எளிதில் விழுங்க முடியாத விஷயம். கட்டிய கொத்தனார்களைவிட அளந்த ஆட்கள் மேல்தான் எனக்கு அதிக வியப்பு. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

அடுத்துப் பாலம். கார்தோன் ஆற்றின் பள்ளத்தாக்கு குறுக்கிடும் இடத்தில், தண்ணீரை ஒரு கரையில் இருந்து மறுகரைக்குக் கடத்த மூன்று அடுக்காக வளைவுகளை எழுப்பியிருக்கிறார்கள். கீழே 6, நடுவில் 11, உச்சியில் 35 சிறு வளைவுகள். உச்சியில் ஒரு காலத்தில் 47 இருந்தன. ஆற்றில் இருந்து உயரம் ஏறத்தாழ 49 மீட்டர். ரோமானியர்கள் கட்டிய நீர்ப்பாலங்களில் நமக்கு எஞ்சியவற்றுள் மிக உயரமானது இதுதான். மாலை வெயிலில் அந்த மஞ்சள் கல் என்ன நிறம் கொள்ளும் என்பதை சுற்றுலாக் கையேடுகள் சொல்லிவிட்டன. நான் வேறொன்றைச் சொல்கிறேன்.

சராசரி வாட்டத்தையே சீராகக் கொடுத்துக்கொண்டு வந்திருந்தால், இந்தப் பாலம் இன்னும் 6 மீட்டர் உயரமாகக் கட்டவேண்டி வந்திருக்கும். அன்றைய தொழில்நுட்பத்துக்கு அது ஆபத்தான உயரம். எனவே பாலத்துக்கு முந்தைய பகுதியில் வாட்டத்தைக் கூட்டினார்கள், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 67 சென்டிமீட்டர். பாலம் வரும்போதே தண்ணீர் தேவைக்கு மேல் கீழே இறங்கிவிட்டது, பாலமும் தாழ்ந்தது. அந்தக் கடனைப் பாலத்துக்கு அப்பால் அடைத்தாக வேண்டும். அங்கிருந்து நீம் வரை கிலோமீட்டருக்குச் சுமார் 19 சென்டிமீட்டர்தான் மிச்சம். பாலத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே இறக்கம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர். அதாவது பாலத்தின் உயரத்தை முடிவு செய்தது ஆறோ அரசனோ அல்ல; பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தொட்டியின் விளிம்பு. இதைக் கேட்டபோதுதான் சித்தப்பா முதல்முறையாக ஒரு கல்லில் உட்கார்ந்தார். "எஸ்டிமேட் போட்டவன் கெட்டிக்காரன்" என்றார். அவர் வாயில் இருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

கட்டிய விதத்துக்கு வருவோம். ரோமானியக் கட்டடம் என்றாலே எரிமலைச் சாம்பல் கலந்த கான்கிரீட் நினைவுக்கு வருகிறது. ரோமில் அது உண்மை. பாந்தியனின் 43 மீட்டர் குறுக்களவுள்ள கவிகை மாடம் கம்பி இல்லாத கான்கிரீட்டில் நிற்கிறது. இங்கே கதை வேறு. ஆற்றோரமாகச் சுமார் 700 மீட்டர் கீழே எஸ்தெல் என்ற இடத்தில் நல்ல சுண்ணாம்புக்கல் குவாரி இருந்தது. எனவே கல்லை வெட்டி, தண்ணீர் வழியாகவே கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். சில கற்கள் ஆறு டன் எடை. மொத்தம் 50,000 டன்னுக்கு மேல். கீழ் இரண்டு அடுக்குகளில் காரை இல்லை. கல்லும் கல்லும் பொருந்தி, மேலே உள்ள பாரமே கீழே உள்ளதை இறுக்கிப் பிடித்து நிற்கிறது.

பாலத்தை நெருங்கிப் பார்த்தால் சுவரில் இருந்து ஆங்காங்கே கற்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. முதலில் அழகுக்கு விட்டதோ என்று தோன்றும். சாரம் தாங்க விட்டவை அவை. வளைவின் அடியில் துருத்தும் கற்களின் மேல் மரச் சென்ட்ரிங்கை உட்கார வைத்து, ஆப்பு வடிவக் கற்களை இரு பக்கமும் அடுக்கி, நடு உச்சியில் முடிப்புக் கல்லைச் செருகியதும் மரத்தை உருவிவிடலாம். வளைவு தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். கீழ் அடுக்கின் வளைவுகள் ஒரே அகலமான வளைவாக இல்லாமல், தனித்தனி வளையங்கள் பக்கத்தில் பக்கமாக ஒட்டி நிற்கின்றன. அகலம் குறைந்த ஒரே சென்ட்ரிங்கை நகர்த்தி நகர்த்திப் பயன்படுத்த இது தோது. வேலை முடிந்த பிறகு துருத்திய கற்களைச் செதுக்கி மழுப்ப ஏன் யாரும் மெனக்கெடவில்லை? இன்னொரு நாள் பழுதுபார்க்கச் சாரம் கட்ட வேண்டியிருக்கும் என்று விட்டுவைத்திருப்பார்கள் என்பது சித்தப்பாவின் கட்சி. எனக்கு அது காசு மிச்சம் பிடித்த வேலையாகவே தெரிந்தது. சில கற்களில் எந்தப் பக்கம், எத்தனையாவது என்று குறித்த எழுத்துகளும் எண்களும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன. குவாரியிலேயே எண் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இதை அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா கட்டினார் என்று எழுதி வந்தார்கள். வாய்க்காலைத் தோண்டி ஆராய்ந்தபோது கிடைத்த நாணயங்களும் மண்பாண்டங்களும் காலத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குத் தள்ளிவிட்டன. பின்னாளில் பாலம் பட்ட பாடு தனிக் கதை. 17-ஆம் நூற்றாண்டில் பீரங்கிகளைக் கடத்த வழி வேண்டும் என்று நடு அடுக்கின் தூண்களைப் பக்கவாட்டில் வெட்டித் தள்ளினார்கள். பிறகு 1743 முதல் 1747 வரை கீழ் அடுக்கோடு ஒட்டியே ஒரு சாலைப் பாலம் எழுந்தது. நாங்கள் நடந்து ஆற்றைக் கடந்தது அதன் மேல்தான். கட்டிய பொறியாளர் ஆன்ரி பிட்டோ. விமானத்தின் வேகத்தை அளக்க மூக்கோரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் இவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அவர் அதைக் கண்டுபிடித்தது ஆற்று நீரின் வேகத்தை அளப்பதற்காக. 1958 வெள்ளத்தில் கீழ் அடுக்கு முழுக்க மூழ்கியது. சுற்றுப்புறத்தில் வேறு பாலங்கள் அடித்துப்போயின. இது நின்றது.

உச்சி அடுக்கில் ஓடும் வாய்க்கால் சுமார் 1.2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். இங்கேதான் காரை வருகிறது. கல் இடுக்கில் நீர் கசியாமல் இருக்க, சுண்ணாம்போடு நொறுக்கிய செங்கல்லைக் கலந்து பூசியிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சுர்க்கிதானே என்றார். சுட்ட களிமண்ணின் பொடி சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரையால் எழுந்ததுதான்.

அந்தப் பூச்சின் மேல் படிந்திருப்பது வேறு விஷயம். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வந்த நீர், கொதிகெண்டியின் அடியில் வெள்ளை படிவதுபோல, வாய்க்காலின் இரு சுவர்களிலும் ஆண்டுக்கணக்கில் படிந்து கல்லாகிவிட்டது. சில இடங்களில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ அரை மீட்டர் தடிமன். ஆள் நுழையும் வழி கை நுழையும் வழியாகச் சுருங்கியிருக்கிறது. தூர் வார ஆள் இருந்தவரை தண்ணீர் தாராளமாக வந்தது. நான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு பராமரிப்பு தேய்ந்தது, வாய்க்காலும் மெல்ல அடைத்துக்கொண்டது. வாய்க்கால் உள்ள இடத்தில் திருட்டும் இருக்கும். கி.பி. 97-இல் ரோம் நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற ஃப்ராண்டைனஸ், குழாயில் ஓட்டை போட்டுத் தண்ணீர் எடுத்தவர்களைப் பற்றிப் புலம்பித் தள்ளியிருக்கிறார். இதைச் சொன்னதும் சித்தப்பா தன் காலத்தில் இரவோடு இரவாக வெட்டப்பட்ட கரைகளின் பட்டியலை ஆரம்பித்தார். அது பஸ் வரும் வரை ஓடியது.

பாலத்துக்கு அப்பால் வாய்க்கால் பெரும்பாலும் மண்ணுக்கடியில் போகிறது. செர்னாக் ஊருக்குப் பக்கத்தில் குன்றைக் குடைந்த சுரங்கத்துக்குள் நடக்கலாம். சுவர் முழுக்கக் குந்தாலி கொத்திய தழும்புகள், விளக்கு வைக்கக் குடைந்த சிறு மாடங்கள். பாலத்தடியில் இருந்த கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வரவில்லை.

நீமில் ரோமானிய அரங்கத்தையும் மேசோன் காரே கோயிலையும் பார்த்தோம். இரண்டும் கம்பீரமானவை, அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் தேடிப்போனது லாம்பேஸ் தெருவில், வீடுகளுக்கு நடுவே இரும்புக் கம்பி வேலிக்குள் கிடக்கும் வட்டத் தொட்டியை. 1844-இல் வெளிப்பட்டது. குறுக்களவு ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் வாய்க்கால் வந்து சேரும் சதுர வாய். எதிர்ச் சுவரில் வரிசையாகப் பத்து ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஈயக் குழாய் பொருத்தி நகரின் வெவ்வேறு பகுதிகளுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். தரையிலும் மூன்று துளைகள். ஊற்றில் புறப்பட்ட நீர் இங்கே வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும்.

நீமுக்குச் சொந்தமாகவே ஓர் ஊற்று இருந்தது, இன்றும் இருக்கிறது. குடிக்க அது போதும். குளியல் கூடங்களுக்கும் தெரு நீரூற்றுகளுக்கும் ஊர்ப் பெருமைக்கும்தான் இந்த 50 கிலோமீட்டர் என்பது என் கருத்து. சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் கூட வந்தால் யாருக்காவது பயன்படும் என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், "எல்லாம் ஒரே மட்டத்துல வச்சிருக்கான். தலைமடைக்காரன் முதல்ல இழுத்துக்க முடியாது" என்றார்.

"அப்ப சண்டையே வந்திருக்காதா?" என்றேன்.

"வராம எப்படிடா இருக்கும்? எந்தத் தெருவுக்கு எத்தன குழாய்னு சண்டை போட்டிருப்பான்."