புகை போகும் வழி

மோட்டார் வண்டியைப் புகழ்ந்து பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும், மேனியின் பளபளப்பையும், ஏறியமர்ந்தார்க்கு அது நல்கும் சுகத்தையுமே எடுத்துரைப்பர். எரிந்த வாயு வெளியேறும் வழியைப்பற்றி ஒருவரும் பேசார். ஆயினும், உட்கொண்டதனைச் செம்மையாய்க் கழிக்கமாட்டாத உடல் எங்ஙனம் நோய்வாய்ப்படுமோ, அங்ஙனமே புகைவழி பழுதுற்ற இஞ்சினும் நோய்வாய்ப்படும். சிலபோது அதில் ஏறிச் செல்வோரையும் நோயில் ஆழ்த்தும். இவ்வுண்மையை எங்கள் வீட்டுப் பழைய பியட் வண்டி எமக்குக் கற்பித்தது.

எங்கள் ஊர் ஆரணியைச் சார்ந்த திருமலை. ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுள்ள நேமிநாதர் திருவுருவமும், இராசராச சோழனின் தமக்கையார் குந்தவையார் பெயரால் வழங்கும் சினாலயமும் இவ்வூரின் சிறப்புகள். சுற்றுப்புறத்தில் பட்டு நெசவே பலருக்குப் பிழைப்பு. என் தந்தையாரும் நெசவாளர் இல்லங்களுக்குப் பட்டு நூல் கொடுத்து, நெய்த சேலைகளைப் பெற்றுக் கடைகளுக்குச் சேர்ப்பிப்பவர். இத்தொழிலுக்கு உற்ற துணையாய் இருந்தது அந்தப் பியட் வண்டி. மாதம் ஒருமுறை எங்கள் பாட்டியாரை வேலூர் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அதுவே.

இத்தாலி தேசத்துத் தூரின் நகரிலுள்ள பியட் கம்பெனியார் அமைத்த 1100 என்னும் வண்டியின் வழிவந்தது அது. 1944-ஆம் ஆண்டில் வால்சந்த் ஹீராசந்த் அவர்கள் நிறுவிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியார் பம்பாய் குர்லாவில் இதனைச் செய்தனர். 1974 முதல் பத்மினி என்னும் பெயர் பெற்றது. நான்கு சிலிண்டர்களும் 1089 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய எளிய இஞ்சின். மும்பை வீதிகளில் வாடகை வண்டியாய் ஓடிய பத்மினிகள் 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் விடைபெற்றுவிட்டன. எங்கள் ஊர்ப்புறத்திலோ, பராமரிக்கும் கை இருக்கும்வரை அவை ஓடிக்கொண்டிருந்தன.

சிலிண்டர்களில் எரிந்த வாயு நான்கு வாயில்கள் வழியே வெளிப்படும். அந்நான்கினையும் ஒன்றாய்ச் சேர்த்துச் சைலன்ஸர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு உறுப்பினை மேனிபோல்டு என்பர். ஒரு கையின் விரல்கள் உள்ளங்கையில் வந்து கூடுவது போன்றது அதன் வடிவம். வண்டி பாரமேற்று ஓடுங்கால் அதனுட் செல்லும் வாயு 700 பாகை சென்டிகிரேடுக்கு மேலும் காயும். அது திருகப்பட்டிருக்கும் இஞ்சின் தலைப்பாகமோ நீரால் குளிர்விக்கப்படுவது. ஒரு புறம் தணல், மறு புறம் தண்ணீர் என்னும் நிலையில், இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட உறுப்பு அது.

எங்கள் வண்டியில் அவ்வுறுப்பு விரிசல் கண்டது. முடுக்கும்பொழுது டப்டப்பென்னும் ஓசை எழுந்தது. ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து ஒட்டினர். சில மாதங்களில் அதே இடத்திற்கு அருகே மீண்டும் பிளந்தது. மீண்டும் ஒட்டினர், மூன்றாம் முறையும் பிளந்தது. வார்ப்பிரும்பில் கரியானது மெல்லிய ஏடுகளாய்ப் பரவியிருக்கும். ஆதலின் அவ்விரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. முறைப்படி முழுவதும் சூடாக்கி, மெல்லெனக் குளிரவிடாமல் ஓரிடத்தில் மாத்திரம் வெல்டிங் வைப்பின், ஒட்டுக்கு அயலிலுள்ள இரும்பு கண்ணாடிபோல் நொறுங்குந் தன்மை அடையும். ஒட்டு நிற்க, அயலிடம் பிளக்கும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது செலவுக் கணக்காகவே முடிந்திருக்கும். மழைக்காலத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வேலூர் செல்லுங்கால், பாட்டியாருக்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாயின. முதுமையின் தளர்ச்சி என்றே வீட்டார் எண்ணினர். மருத்துவரோ, “வண்டியில் உடன் வந்தவர்களுக்கும் தலைவலி உண்டோ?” என்று வினவினார். உண்டு என்றோம். உடனே அவர் முகம் மாறிற்று. வண்டியை முதலிற் பழுதுபார்க்கும்படியும், அதுவரை பாட்டியாரைப் பஸ்ஸில் அழைத்து வரும்படியும் கட்டளையிட்டார்.

அவர் அஞ்சியது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நம் இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு இந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும். மேனிபோல்டின் பிளவினின்று கசிந்த புகை, கால்மிதிகளும் ஸ்டீயரிங் தண்டும் நுழையும் துவாரங்கள் வழியே உள்ளே புகுந்திருந்தது. இதயம் நலிந்த மூதாட்டிக்கு அது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுக என்றனர் பலர். தந்தையார் ஆரணியிலுள்ள முதியவொரு மெக்கானிக்கிடம் அதனைக் காட்டினார். அவர் நெசவாளர் குடியிற் பிறந்து, இளமையிலேயே பட்டறை புகுந்தவர். பிளவை அவர் நெடுநேரம் பார்க்கவில்லை. வண்டியின் அடியிற் படுத்து, புகைக்குழாய் தொங்கும் இடங்களையே ஆராய்ந்தார். பின்னர் எழுந்து, “இரும்பின்மேற் குற்றமில்லை, ஐயா. குழாயைத் தாங்கும் கொக்கி ஒன்று இல்லவே இல்லை. அத்தனை பாரமும் இந்த வார்ப்பிலேயே தொங்குகிறது. போதாக்குறைக்கு நட்டுகளை அளவுக்குமேல் முடுக்கியிருக்கிறார்கள். சூடானால் இது எங்கே நீளும்?” என்றார்.

தந்தையார், “புதிது போட்டால் நிற்குமா?” என்று கேட்டார்.

“இப்படியே போட்டால் புதிதும் வெடிக்கும். பாவினைத் தளரவும் விடாமல், அளவுக்குமேல் இழுக்கவும் செய்யாமல் கட்டவேண்டுமென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமோ?” என்றார் அவர்.

அவர் கூற்றைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 500 பாகை சூடேறினால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். சிறிய அளவே. ஆனால் அதற்கு இடங்கொடாவிடில், அந்த 2 மில்லிமீட்டரே இரும்பைப் பிளக்கவல்லது.

அவ்வண்டியின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயினமையின், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உறுப்புக் கடைகளில் தேடி ஒரு மேனிபோல்டு பெற்றோம். மெக்கானிக் அதனைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியால் தட்டினார். பானை வாங்குவோர் தட்டிப் பார்ப்பதும் இம்முறையே. விரிசலில்லா வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசலுற்றது மந்தமாய் ஒலிக்கும். இரும்புக் கோலை வைத்து அதன் முகம் கோணலின்றி இருக்கிறதாவெனப் பார்த்து, சிறிது தேய்த்துச் சமன் செய்வித்தார். துருவேறிய பழைய ஸ்டட்டுகளை எண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் மெல்ல மெல்லத் திருகி எடுத்தார். அங்ஙனமும் முறிந்த ஒன்றைத் துளையிட்டு நீக்கினார்.

ஓரத்துத் துளைகளை மயிரிழை அளவு பெரிதாக்கினார். சூட்டில் வார்ப்பு நழுவி நீளுதற்கு அது இடமாம். புதிய கேஸ்கட் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஒரே முறையில் அன்றிப் பலமுறை சிறிது சிறிதாக முடுக்கினார். விடுபட்ட கொக்கியை ரப்பர் தாங்கியோடு பொருத்தினார். இஞ்சினைச் சூடேற்றி, முற்றும் ஆறவிட்டு, மீண்டும் நட்டுகளைச் சோதித்தார். கால்மிதித் துவாரங்களையும் அடைத்தார். பின்னரே வண்டியைக் கொடுத்தார். பாட்டியாரின் வேலூர்ப் பயணங்கள் தலைவலியின்றித் தொடர்ந்தன. வண்டியின் வார்ப்பும் மறுபடி பிளக்கவில்லை.

இது பழைய எளிய வண்டிக்கே உரிய குறைபோலும் என்று நினைப்பின், அந்நினைவு தவறாம். அதே இத்தாலி தேசத்தில் மாரனெல்லோ என்னுமூரில் பெராரி கம்பெனியார் 1994 முதல் 1999 வரை செய்த எப்-355 என்னும் விரைவு வண்டி உலகப் புகழ் பெற்றது. எட்டுச் சிலிண்டர்கள், நாற்பது வால்வுகள், ஏறத்தாழ 380 குதிரைத் திறன் உடைய அதற்கும் புகைக்குழாயே பலவீனம் என்பது அவ்வண்டி உடையார் நன்கறிந்த செய்தி. அதில் வார்ப்பிரும்பு இல்லை. மெல்லிய எஃகுக் குழாய்கள். அயலிலுள்ள உறுப்புகளைச் சூட்டினின்று காக்கும்பொருட்டு, அக்குழாய்களைப் போர்வையாற் சுற்றித் தகட்டுக் கவசத்தில் அடைத்தனர். போர்வை சூட்டை வெளியே விடாது. குழாயோ அச்சூட்டிலேயே வெந்து பிளக்கும். கவசம் மூடியிருத்தலின் பிளவு கண்ணுக்குத் தெரியாது.

அதனால் விளையும் தீங்கும் நுட்பமானது. புகையின் துடிப்புகளுக்கு இடையே பிளவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பிராணவாயுவை அளக்கும் கருவி இதனைக் கண்டு, பெட்ரோல் போதவில்லையெனக் கணிப்பொறிக்குப் பொய்ச்சான்று பகரும். அதுவோ மேலும் பெட்ரோலைப் பாய்ச்சும். எரியாத எச்சம் புகை சுத்திகரிக்கும் கலத்திற் சென்று எரிந்து அதனையும் கெடுக்கும். ஆதலின் அறிந்தோர் அக்குழாய்களை மாற்றுங்கால், பழைய வகையையே மீண்டும் பொருத்த விரும்பார். டைட்டேனியம் கலந்து, கரியால் எஃகின் மணியோரங்கள் நலியாதபடி செய்த 321 என்னும் துருவுறா எஃகினாலோ, நிக்கல் மிகுந்த இன்கொனெல் என்னும் கலப்பு உலோகத்தினாலோ செய்த குழாய்களைத் தேர்வர். அரை மீட்டர் நீளமுள்ள துருவுறா எஃகு 700 பாகை சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். இதனை யுணர்ந்து, ஒன்றினுள் ஒன்று நழுவும் மூட்டுகளை அமைப்பாரும் உளர்.

பல கோடி மதிப்புள்ள வண்டிகளைச் செய்யும் மாரனெல்லோவிலும், ஆரணியின் ஓலைச்சார்ப்புப் பட்டறையிலும் இரும்பின் இயல்பு ஒன்றே. உறுப்பு உடைந்தவிடத்து, அதைப் போன்ற மற்றொன்றை வைத்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுவது மனித இயற்கை. நோயை மாத்திரம் பாராது அதன் முதலையும் நாடவேண்டுமென்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்கு வகுத்த நெறி, பட்டறைக்கும் பொருந்துவதே. யந்திர சாஸ்திரம் பயிலும் நம் கல்லூரி மாணவர்கள் நூல்களில் விரிவெண்களை மனப்பாடம் செய்கின்றனர். அவ்வெண்களுக்குப் பின்னே, அடைத்த கண்ணாடிக்குள் அமர்ந்து செல்லும் ஒரு மூதாட்டியின் மூச்சும் இருக்கின்றது என்பதை அவர்கள் நினைவிற் கொள்வார்களாக.