மயிலாப்பூருக்கு நாம் போகலாமா?



கோடை விடுமுறை வந்ததும் நம் குடும்பங்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் புறப்படுகின்றன. சொந்த ஊராகிய சென்னையோ பிள்ளைகளுக்குத் தெரியாமலேயே போகிறது. தியாகராய நகர் என்றால் அவர்களுக்குப் பெருநாள் துணி மட்டுமே. நூறாண்டுகளுக்கு முன் அங்கே மாம்பலம் ஏரி பரந்து கிடந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஒருநாள் நம் மக்தப் மாணவர் ஒருவர், "உஸ்தாத், மயிலாப்பூருக்கெல்லாம் நாம் போகலாமா?" என்று கேட்டார். வழி தெரியாமல் கேட்ட கேள்வியன்று அது. பிறந்து வளர்ந்த ஊரின் ஒரு பகுதி தமக்குரியதன்று எனப் பத்து வயதுப் பிள்ளை எண்ணத் தொடங்குவது சாதாரணச் செய்தியும் அன்று. ஆகவே, பெற்றோருடன் மாணவர்களை ஒருநாள் அழைத்துச் சென்றோம்.

காலையில் மயிலாப்பூர் மாடவீதியில் இட்லியும் பொங்கலும் உண்டோம். சைவ உணவாதலால் இறைச்சி ஹலாலா என்று விசாரிக்கும் தேவை எழவில்லை. காளத்தி கடை ரோஸ் மில்க்கைப் பிள்ளைகள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினர். அருகிலுள்ள தெப்பக்குளத்திற்கு நிலம் தந்தவர் ஆற்காடு நவாப் என்பது இவ்வூரில் தலைமுறைகளாக வழங்கிவரும் செய்தி. முஹர்ரம் நாள்களில் முஸ்லிம்கள் அக்குளத்தைப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்து வந்துள்ளது. அவ்வழக்கங்களின் மார்க்கத் தீர்ப்பு பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அண்டை வீட்டாரோடு இணங்கி வாழ்ந்ததில் வேறுபாடு இல்லை.

அதே மயிலாப்பூரில், டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், சூஃபிதார் ஆலயம் இருக்கிறது. நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்தை விட்டு வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது அது. சுமார் நாற்பது ஆண்டுகளாக ரமலான் மாதத்தில் அங்கே சைவ உணவு சமைக்கப்பட்டு, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குச் செல்கிறது. தலையில் தொப்பி அணிந்த தொண்டர்கள் நோன்பாளிகளுக்குத் தம் கையால் பரிமாறுகின்றனர். ஊரை இழந்து வந்தவர்கள், தம்மை ஏற்ற ஊரின் பசியாற்றுகிறார்கள்!

லுஹர் தொழுகைக்கு அந்தப் பள்ளிவாசலையே அடைந்தோம். 1795இல் நவாப் குடும்பத்தார் எழுப்பிய அப்பள்ளிக்குரிய ஆண்டுக் குறிப்பை இயற்றியவர் ராஜா மக்கன் லால் கிரத் என்னும் இந்து. நவாபின் அவையில் பாரசீகப் புலமையால் உயர்ந்தவர் அவர். அவருடைய சொற்றொடரின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டினால் ஹிஜ்ரி 1209 கிடைக்கும். மாணவர்கள் விரல்விட்டுக் கூட்டி, விடை சரியாக வந்தபோது அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பிற்பகலில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்திற்குச் சென்றோம். அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989இல் காற்றில் சாய்ந்தது. விழுதுகளே இன்று அம்மரத்தைத் தாங்குகின்றன. அவ்வளாகத்தில் மற்ற வழிபாட்டிடங்களோடு ஒரு சிறு பள்ளிவாசலும் உண்டு. பார்வை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துச் செல்வது நலம்.

மாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் வெண்ணிற வளைவு ஒன்றைக் கண்டோம். 1930இல் கடலில் மூழ்கியோரைக் காக்க முயன்று உயிர்நீத்த டென்மார்க் நாட்டவரான ஷ்மிட் என்பாரின் நினைவுச்சின்னம் அது. ஒரு மனித உயிரின் மதிப்பைப் பற்றி வகுப்பில் நாம் நடத்தும் பாடத்திற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்குமா? அலை இழுக்கும் கரை என்பதால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. மணலிலேயே மஃக்ரிபைத் தொழுதோம்.

பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. அப்பயணத்தை நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம். பேருந்துக் கட்டணமும் சிற்றுண்டிச் செலவும் தவிர வேறெதுவும் தேவையில்லை. வரும் விடுமுறையில் ஒருநாளை இதற்கென ஒதுக்குங்கள். போகலாமா என்று கேட்கும் பிள்ளையிடம், "வா, போகலாம்" என்று சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளை இவ்வூருக்குப் பயன் தரும் மக்களாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.