அலை சுமந்து வரும் செய்தி

‘மவ்ஜ்’ என்னும் அரபுச் சொல்லுக்கு அலை என்பது பொருள். அதனின்று பிறந்த ‘தமவ்வுஜ்’ என்பது அலைவுறுதலைக் குறிக்கும். எழுத்தொலிகளின் பிறப்பைப் பற்றிச் சிறு நூலொன்று இயற்றிய மாமேதை இப்னு சீனா, ஓசைக்குக் காரணம் காற்றின் தமவ்வுஜே என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரைத்தார். தஜ்வீத் பாடம் நடத்துகையில் இதனை மாணவர்க்கு எடுத்துச் சொல்வது என் வழக்கம். ஓதுபவரின் வாயிலுள்ள காற்றே கேட்பவரின் செவிக்குச் செல்வதில்லை; அதன் அசைவு மட்டுமே செல்கிறது.

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில், காற்று வீசும் வேளையில் நெல்வயலை நோக்குங்கள். கதிர்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். அலையோ வரப்பைத் தொட்டுவிடும். பொருள் பெயராமல் ஆற்றல் மட்டும் பெயர்வதே அலையின் இயல்பு. ஓசை காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரும், நீரில் 1,500 மீட்டரும் செல்லும். ஊடகமே வேண்டாத ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரையும்.

இவ்வறிவு வெறும் ஏட்டறிவன்று என்பதை 2004 டிசம்பர் 26 நமக்கு உணர்த்தியது. அன்று காலை ஆறரை மணியளவில் சுமத்ராவை அடுத்த கடலடி நிலம் அதிர்ந்தது. நிலத்தினூடே பரவிய அதிர்வலைகள் சில நிமிடங்களில் நம் நாட்டை எட்டின. கடலலையோ 3,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் வேகத்தில் வந்தும், நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணியும், உயரம் பெருகும். நடுக்கடலில் கப்பலோட்டியும் உணராத அலை, தேவனாம்பட்டினத்தில் உயிர்களை வாரிச் சென்றது இங்ஙனமே.

எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! நிலத்தின் அலை செய்தியை முன்னரே கொணர்ந்தது. வானொலியின் அலை அதனைக் கணப்பொழுதில் கரைக்குச் சேர்த்திருக்கும். ஆயினும் அச்செய்தியைப் படித்துச் சொல்ல நம் கடற்கரையில் ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007-இல்தான் அமைந்தது.

அந்நாளில் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், வீடிழந்த மீனவ மக்களுக்கு மத பேதம் பாராது உணவும் இடமும் அளித்தனர். அவர்களின் ஈகையை அல்லாஹ் ஏற்றருள்வானாக! துயர் வந்தபின் துடைப்பது நன்று. வருமுன் காப்பது அதனினும் நன்று.

மருத்துவத்தையும் கணிதத்தையும் ‘பர்ளு கிஃபாயா’ என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்தார்கள். சமுதாயத்தில் சிலரேனும் கற்றாக வேண்டும்; எவருமே கல்லாவிடில் அனைவரும் குற்றவாளிகள். கரையோரத்தில் வாழும் நமக்கு அலையின் அறிவும் அவ்வரிசையில் சேரத்தக்கதே. கரையில் நிலம் வலுவாக அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, உடனே மேட்டை நோக்கி ஓட வேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பலாகாது. அடுத்தது அதனினும் பெரிதாயிருக்கக்கூடும். ஓதப் பழகும் பிள்ளைகளுக்கு இவ்விரண்டு வரிகளையும் நாம் கற்றுக்கொடுத்தல் வேண்டும். அறிவு அமானிதம், உரியவரிடம் உரிய வேளையில் சேர்ப்பிப்பது நம் கடமை.